பித்தளையா, சோழியா?

தாயம் விளையாட உட்காரும்போது எதை உருட்டுவது என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பித்தளைக் கட்டை இருந்தால் அது. இல்லையென்றால் ஆறு சோழி. அதுவும் இல்லையென்றால், தரையில் தேய்த்து ஒரு பக்கம் வெளுக்க வைத்த புளியங்கொட்டை. கட்டமும் காயும் விதியும் அப்படியே இருக்க, உருட்டுவது எதுவானால் என்ன என்று நினைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. உருட்டும் பொருள் மாறினால் ஆட்டமே மாறுகிறது.

நீளக் கட்டைக்கு நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒரு வெற்று முகம். இரண்டு கட்டைகளும் சேர்ந்து 16 விதமாக விழும். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒன்று, 2 விதம். சராசரியாக 8 முறை உருட்டினால் ஒரு தாயம் கிடைக்கும். இரண்டும் வெற்றாக விழுகிற பன்னிரண்டு, 16-இல் 1. ஆறு சோழிகளோ 64 விதமாக விழும். வாய் மேலே பார்க்கும் சோழிகளைத்தான் எண்ணுகிறோம். ஒன்று மட்டும் மேலே பார்ப்பது 6 விதம் என்பதால் தாயத்துக்கு ஏறத்தாழ 11 முறை காத்திருக்க வேண்டும். ஆறும் கவிழ்ந்து வரும் பன்னிரண்டு, 64-இல் 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? கட்டையில் அந்த வாய்ப்பு 37.5 விழுக்காடு. சோழியில் 22-ஐக்கூடத் தொடுவதில்லை. கட்டையில் ஒரே கையில் காய் பாதிச் சுற்று ஓடிவிடும். சோழியில் இரண்டும் மூன்றும் நான்குமாக ஊர்ந்துதான் போகும்.

இதுவும் சோழி இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துப் போட்ட கணக்குதான். சோழியின் முதுகு புடைத்தது, வாய்ப்பக்கம் தட்டை. சமமாக விழும் என்று யார் உறுதி சொல்வது? பத்துக்கு நான்கு முறைதான் வாய் மேலே வருகிறது என்றால், தாயத்தின் வாய்ப்பு 9 விழுக்காட்டிலிருந்து 19-க்குத் தாவிவிடும். கொட்டையில் இன்னும் மோசம். ஒவ்வொன்றும் தேய்த்தவர் கைக்கு ஏற்றபடி இருக்கும்.

ஆனால் இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். சூதாட்ட விடுதிகளில் பகடையின் புள்ளிக் குழிகளைக்கூட அதே எடையுள்ள நிறப்பொருளால் நிரப்புகிறார்கள், அங்கே பணம் இருக்கிறது. தாயத்தில் எல்லோரும் உருட்டுவது ஒரே சோழியைத்தான். அது ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லோருக்கும் சாய்கிறது. ஆட்டத்தின் வேகம் மாறுமே தவிர, யாருக்கும் அநீதி இல்லை.

அநீதி வருவது கையிலிருந்து. அங்கேதான் பித்தளைக் கட்டை தோற்கிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி, கலீரென்று தரையில் விழுகிற அந்த ஓசைக்காகவே கட்டையை விரும்புகிறவன் நான். ஆனால் நீளமான பொருள் ஒரே அச்சில்தான் புரளும். பழகிய கை அதைப் புரளவிடாமல் வழுக்கிவிட்டு, வேண்டிய முகத்தை மேலே நிறுத்தும். குலுக்கி வீசிய ஆறு சோழிகளை அப்படி ஏய்ப்பது மிகக் கடினம். கட்டையில் ஆடுவதென்றால் நன்றாக உரச வேண்டும், இரண்டும் புரண்டு விழ வேண்டும், இல்லையென்றால் அந்த உருட்டு செல்லாது என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு கோயில் வாசல் கடையில் பளபளப்பைப் பார்த்து ஒரு சோடி வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் ஒரு கட்டை சதுரமாக இல்லை, பட்டையாக இருந்தது. அகலமான இரண்டு முகங்களே திரும்பத் திரும்ப மேலே வந்தன. அழகைப் பார்த்துப் பகடை வாங்குவது பழைய ஆசைதான். கீழடி அகழாய்வில் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. இருந்தாலும் கட்டையை விரல்களில் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் ஒரே அகலமா என்று பாருங்கள். அளவும் முக்கியம். பெரியவர் கைக்கு அடங்கும் கட்டை ஏழு வயதுப் பிள்ளையின் கைகளுக்குள் உரசாது, நழுவித்தான் விழும்.

ஆகவே பிள்ளைகளோடு ஆடும்போது எங்கள் வீட்டில் சோழிதான். தாயம் விழாததால் காயை இறக்க முடியாமல் பிள்ளைகள் முகம் வாடுவதைப் பார்த்து, ஒரு விதியை மட்டும் மாற்றிக்கொண்டோம்: ஐந்து விழுந்தாலும் காயை இறக்கலாம். சோழியில் ஐந்துக்கும் 6 விதம் உண்டு. இப்போது ஐந்தாறு உருட்டுக்குள் பெரும்பாலும் முதல் காய் கட்டத்துக்குள் வந்துவிடுகிறது.