மேலே மாடியில்: திசை வினையடையும் இடவேற்றுமைத் தொடரும்

ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘அப் இன் தி ஆபீஸ்’, ‘டவுன் அட் தி ஷாப்’, ‘அவுட் இன் தி யார்ட்’ எனத் திசை குறிக்கும் வினையடை ஒன்றும் முன்னுருபுத் தொடர் ஒன்றும் அடுத்தடுத்து வருதல் மிகுதி. முன்னது, நோக்கு எப்பக்கம் செல்ல வேண்டும் என்பதைக் காட்டும். பின்னது, அந்நோக்கு சென்று நிலைகொள்ளும் இடத்தைப் பெயரிட்டுச் சொல்லும். இவ்விணைப்பைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்பதில் பாடநூலாரும் மொழிபெயர்ப்பாளரும் இடர்ப்படுவதுண்டு. ‘டவுன் இன் தி செல்லர்’ என்பதனை ‘நிலவறையில்’ என்று சுருக்குவோர் ஒரு சாரார். ‘கீழ்நோக்கி நிலவறையில்’ என்று நீட்டுவோர் மற்றொரு சாரார். முன்னதில் நோக்கு தொலைகிறது. பின்னதில் நில்லாத இயக்கம் ஒன்று புகுந்துவிடுகிறது. ‘கீழே நிலவறையில்’ என்னும் இயல்பான தமிழ் இருவர்க்கும் தோன்றாமற் போனது ஏன் என்பதே ஆராயற்பாலது.

காரணம் இரண்டு. பல தலைமுறைகளாக நம் பள்ளிகளில் பயிலப்பட்டுவரும் ரென்–மார்ட்டின் ஆங்கில இலக்கணம் வினையடையை ஓரிடத்திலும் முன்னுருபை வேறோரிடத்திலும் வைத்துக் கற்பிக்கிறது. ஆகவே இரண்டும் கூடி ஆற்றும் பணி மாணாக்கர்க்குப் புலப்படுவதில்லை. மற்றொன்று நம்மவரின் அச்சம். நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல் ஒன்று. மாடி என்றாலே மேலே உள்ளது. பின் ‘மேலே மாடியில்’ என்பது எதற்கு என்று தமிழாசிரியர் வினவுவர். வினா நியாயமானதே. ஆனால் அதற்கு விடை ஏட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர்ச் சாலையை ஒட்டிய பீன்யா தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். சிறுதொழிற் பட்டறைகள் நெருங்கிய இப்பகுதியில்தான், 1975இல் விண்ணேறிய ஆரியபட்டா செயற்கைக்கோளும் கொட்டகைகளில் உருவாயிற்று. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி ஆகியன ஒரே பட்டறையில் ஒலிக்கும் இடம் இது. இங்குள்ள தமிழரின் பேச்சைக் கலப்புத் தமிழ் என்று ஒதுக்குவது எளிது.

2014 மார்ச் 1ஆம் நாள் சம்பிகே சாலையிலிருந்து பீன்யா இண்டஸ்ட்ரி வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. தும்கூர்ச் சாலையின் மேல் முன்னரே எழுந்திருந்த மேம்பாலத்தோடு, தூண்களின் மேல் அமைந்த நிலையங்களும் சேர்ந்தன. சாலையில் நிற்கும் ஒருவரிடம் ‘மேலே போங்க’ என்று மட்டும் சொன்னால் மேம்பாலமா, நிலையமா என்பது தெளிவாகாது. ‘ஸ்டேஷனுக்குப் போங்க’ என்று மட்டும் சொன்னால் புதியவர் சாலை மட்டத்திலேயே நிலையத்தைத் தேடுவார். போலீஸ் ஸ்டேஷன் என்று கருதவும் இடமுண்டு. ‘மேலே ஸ்டேஷனுக்குப் போங்க’ என்பதில்தான் குறை தீர்கிறது. ஒன்று மற்றொன்றன் பொருளை மீண்டும் கூறவில்லை. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்புகிறது.

மாடிக்கும் இதுவே விடை. மொட்டை மாடியில் நிற்பவர், முதல் தளத்தில் உள்ள பொருளைக் ‘கீழே மாடியில் இருக்கிறது’ என்பார். மாடி என்னும் பெயருள் ‘மேலே’ அடங்கியிருந்தால் இத்தொடர் முரணாக வேண்டும், ஆயினும் முரணவில்லை. மேலும், ‘மேலே’ எப்போதும் பேசுவோனின் நிலையிலிருந்தே அளக்கப்படுவதும் இல்லை. மாடியில் இருந்துகொண்டே, வாசலில் வந்து நிற்பவரிடம் தொலைபேசியில் ‘மேலே மாடியில் இருக்கிறேன்’ என்பதுண்டு. அங்கே அளவுகோல் கேட்போனிடம் சென்றுவிடுகிறது. ஆங்கிலம் இந்நிலையில் ‘அப் ஹியர்’ என்று திசையை முன்வைத்துச் சுட்டைப் பின்வைக்கும். தமிழ் பெரும்பாலும் ‘இங்கே மேலே’ என்று சுட்டையே முன்வைக்கும்.

சொல்வரிசையும் வேற்றுமையும் மாறினால் பொருள் எவ்வளவு மாறுகிறது என்பதற்குப் பட்டறைப் பேச்சே சான்று தரும். முற்றத்தில் நிற்பவர், ‘உள்ளே ஸ்டோரில் இருக்கிறான்’ என்றால், தேடப்படுபவன் கட்டடத்தின் உட்பக்கம், சரக்கறையில் இருக்கிறான் என்பது பொருள். ‘ஸ்டோரில் உள்ளே இருக்கிறான்’ என்றால் சரக்கறையிலேயே வாயிலை விட்டு உட்புறமாக இருக்கிறான். ‘ஸ்டோருக்குள்ளே இருக்கிறான்’ என்பதில் உள்ளே என்பது தனி அடையாக நில்லாமல் பெயரின் நான்காம் வேற்றுமையோடு ஒட்டிப் பின்னுருபாகிவிட்டது; அங்கே பேசுவோனின் நிலைக்கு வேலையே இல்லை, அவன் எங்கு நின்றாலும் கூற்று மெய்யே. மூன்றனையும் ஒன்றாகக் கருதி, அகராதியில் ‘இன்சைட்’ என்பதற்கு நேராக எழுதுவது பயில்வோரை வழி தவறச் செய்யும்.

வேற்றுமை உருபு இட அமைப்பில் ஒருமுறையே வருகிறது என்பதும் குறிக்கத்தக்கது. ‘மேலே மாடியில்’, ‘மேலே மாடிக்கு’, ‘மேலே மாடியிலிருந்து’ என மூன்றிலும் உருபு பெயரையே சேர்கிறது. அடை மாறாது நிற்கிறது. அடைக்கு நான்கனுருபு கொடுத்தால் பொருளே வேறாகிவிடும். ‘மேலுக்கு’ என்பது ஒப்புக்கு என்றும், ‘உள்ளுக்கு’ என்பது மருந்து உட்கொள்ளும் முறை என்றும் ஆகிவிட்டன.

இலக்கண மரபு இச்சொற்களை அறியாததன்று. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குக் கண் என்னும் உருபைக் கூறி, அதன் இடப்பொருளை விரிக்குங்கால் கீழ், மேல், உள், புறம் முதலியவற்றை எண்ணுகிறார்; நன்னூலார் இருபத்தெட்டினை உருபுகளாகவே நிரல்படுத்துகிறார். இவை உருபா, உருபேற்கும் இடப்பெயரா என்ற வழக்கில் காட்டிய கூர்மையை மரபு, பெயருக்கு முன்னே தனித்து நிற்கும் ‘மேலே’யின்பால் காட்டவில்லை. 1989இல் வெளிவந்த தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம், பின்னுருபுகளை அவை வேண்டும் வேற்றுமையோடு பொருத்திக் காட்டியமையால் பெரும்பயன் விளைத்தது. எனினும் பின்னுருபு என்ற பெயரே நம் கண்ணைப் பெயருக்குப் பின்னால் திருப்பிவிடுகிறது. யெஸ்பர்சன் 1924இலேயே, ஆங்கிலத்தில் வினையடையும் முன்னுருபும் இருவேறு சொல்வகை அல்ல, செயப்படுபொருள் குன்றாமலும் குன்றியும் வரும் ஒரே வினை போன்றவை என்று வாதித்தார். ஹட்டில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு இலக்கணமும் அவ்வழியே சென்றது. ‘மேசை மேல்’, ‘மேலே’ என்னும் இரண்டையும் ஒரே சொல்லின் இரு நிலைகளாகக் காண்பதற்கு இக்கருத்து தமிழுக்கும் பொருந்தும். (திசைச்சொல் என்ற பெயர் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாட்டுச் சொற்களுக்கு முன்பே உரியதாகிவிட்டமையால், இவற்றுக்குத் திசை வினையடை என்ற பெயரே குழப்பம் தராது.)

ஆங்கிலத்தின் ‘ஓவர்’ மட்டும் நேர்ச்சொல்லின்றி நிற்கிறது. ‘ஓவர் அட் ஜாலஹள்ளி’ என்பதைப் பீன்யாத் தமிழர் ‘அங்கே ஜாலஹள்ளியில்’ என்று சுட்டாலேயே சொல்லிவிடுவர். பக்கத்தில் நிற்கும் கன்னடியர் ‘அல்லி ஜாலஹள்ளியல்லி’ என்பார். அங்கே என்னும் பொருளுடைய சொல்லும் இடவேற்றுமை உருபும் கன்னடத்தில் ஒரே வடிவின. ஆகவே அவர் பேச்சில் இவ்விணைப்பு செவிக்கே கேட்கிறது. அதனை அம்மொழியில் எவரும் கூறியது கூறல் என்று பழிப்பதில்லை.

பீன்யாப் பேச்சில் ஸ்டோர், ஆபீஸ், ஸ்டேஷன் எனப் பெயர்கள் அயலவை. ஆனால் உள்ளே, மேலே, அங்கே என்னும் அடையும் ‘இல்’, ‘கு’ என்னும் உருபும் தமிழே. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் கேட்கும் ‘ஸ்டாப்பாண்ட’ என்பதில்கூட அண்டை என்னும் பழஞ்சொல்லே தேய்ந்து நிற்கிறது. சரக்கு மாறியிருக்கிறது, சட்டகம் மாறவில்லை.

மாற்றம் நிகழ்வது வேறோரிடத்தில். ‘கிழக்கே வயலில்’, ‘மேற்கே தோப்பில்’ என நாற்றிசையை அடையாக்கிப் பேசுவது சிற்றூர்த் தமிழரின் வழக்கு. எரிக் பெடர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு, ஊர்ப்புறத் தமிழர் நாற்றிசையையும் நகர்ப்புறத்தார் இடம், வலம் என்பவற்றையும் சார்ந்து பேசுவதை எடுத்துக்காட்டியது. மேற்கும் கிழக்கும் மேல், கீழ் என்பவற்றிலிருந்தே பிறந்தன என்பதையும், மேற்றிசையில் மலை உயர்ந்து கீழ்த்திசையில் கடல் நோக்கி நிலம் தாழும் தமிழகத்தின் அமைப்பே அதற்குக் காரணம் என்பதையும் கால்டுவெல் முன்னரே கண்டார். கன்னடத்தின் ‘மூடல்’, ‘படுவல்’ என்பனவோ ஞாயிற்றின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றியவை. சிற்றூரிலிருந்து பீன்யாவிற்கு வந்து சேர்பவர், ‘கிழக்கே’ என்று சொல்லிப் பார்த்துப் பயனின்றி, ‘செகண்ட் ஸ்டேஜ் பக்கம்’ என்று பேசக் கற்றுக்கொள்கிறார். ‘மேற்கே’ அவர் பேச்சிலிருந்து நழுவ, ‘மேலே’ மட்டும் மெட்ரோவின் தூண்களோடு நிற்கிறது.