வேடமும் அறமும்: சிறுத்தொண்டர் புராணத்தில் இறைக்கட்டளைச் சிக்கல்

இறைவன் விதித்ததால் ஒரு செயல் நன்றாகிறதா, நன்று என்பதால் இறைவன் அதனை விதிக்கிறானா என்னும் வினா, பிளேட்டோவின் ‘யூதிப்ரோ’ உரையாடல் முதலாகச் சமய மெய்யியலில் தொடர்ந்து வருகிறது. தமிழில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புவது பெரியபுராணத்துச் சிறுத்தொண்ட நாயனார் புராணம். பைரவ அடியாராக வந்த சிவபெருமான் பிள்ளைக்கறி வேண்ட, திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்த சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனை அரிந்து அமுது படைக்கிறார். இறுதியில் மகன் உயிருடன் மீள்கிறான். இதனை அன்பின் சோதனை என்றும், மறக்கருணை என்றும் அமைதி கூறுவதுண்டு. ஆனால் மறக்கருணை, தவறிழைத்த உயிரை ஒறுத்துத் திருத்தும் அருளாகும். சீராளன் தவறேதும் இழைத்தவன் அல்லன். எனவே அக்கருத்து இங்குப் பொருந்தவில்லை.

சோதனை என்னும் விளக்கத்தை விவிலியத்து ஆபிரகாம் கதையோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஆபிரகாம் கட்டளையிட்டவர் இறைவன் என அறிந்தே மகனைப் பலியிடத் துணிகிறார். பலி நிகழுமுன் தடுக்கப்படுகிறது. கீர்க்கெகார்ட் 1843இல் வெளியிட்ட ‘அச்சமும் நடுக்கமும்’ நூலில் அத்துணிவை அறத்தைக் கடந்த நம்பிக்கையாகக் கண்டார். காண்ட்டோ, மகனைக் கொல்லலாகாது என்பது உறுதி, கேட்ட குரல் இறைவனுடையது என்பது உறுதியன்று என ஆபிரகாம் விடையிறுத்திருக்க வேண்டும் என்றார். சிறுத்தொண்டர் கதையில் காண்ட்டின் தடை மேலும் வலுப்பெறுகிறது. வந்தவர் இறைவன் என்பதை அவர் அறியார். அடியாரை அமுதூட்டும் நியதி ஒன்றே அவரைச் செலுத்துகிறது. ஆகவே ‘இறைவன் கட்டளை’ என்னும் காரணம், செயல் நிகழும் வேளையில் அவரிடம் இல்லை.

அடியார் வேடத்தையே அரனெனத் தொழுவது சைவநெறி. ஆதலின் வேறு கட்டளை வேண்டுவதில்லை என இதற்கு மறுமொழி கூறலாம். இம்மறுமொழி வலிமையுடையதே. எனினும் வேடம் பொய்க்கக்கூடும் என்பதைச் சேக்கிழாரே மெய்ப்பொருள் நாயனார் புராணத்தில் காட்டியுள்ளார். அடியார் வேடம் பூண்டு வந்த முத்தநாதன் கொலைஞன். மெய்ப்பொருளார் அவ்வேடத்தை வணங்கியவாறே உயிர் துறக்கிறார். இரு புராணங்களிலும் வேடப்பற்று ஒன்றே. விலை கொடுப்பவர் வேறு. மெய்ப்பொருளார் ஈந்தது தம் உயிர். சிறுத்தொண்டர் ஈந்தது பிறிதோர் உயிர். தன்னை ஈதல் தியாகமாகும். பிறரை ஈதற்கு அவர்தம் இசைவு வேண்டும்.

அவ்விசைவு இல்லை என்பதைக் காப்பியமே பதிவு செய்கிறது. தாய் மடியில் பற்றிக்கொள்ள, தந்தை கருவி எடுக்கும்போது, பெற்றோர் தன்னால் மகிழ்கின்றனர் என்றெண்ணிச் சீராளன் நகைக்கிறான். தாயும் தந்தையும் மனமுவந்து செய்யவேண்டும் என்பதே பைரவரின் நிபந்தனை. மகனின் உள்ளம் கேட்கப்படவில்லை. அறியாமையில் பிறந்த அச்சிரிப்பை இசைவாகக் கொள்ள இயலாது. அடியார் புகழ் பாடவந்த சேக்கிழார் அச்சிரிப்பை விலக்காமல் பாடியிருப்பது கருதத்தக்கது.

மகன் மீண்டு வருதல் இழப்பை ஈடுசெய்கிறது. செய்கைக்கு முன்கூட்டிய காரணமாக அது அமைவதில்லை. இப்புராணத்தை அன்பின் வெற்றியாக மட்டுமோ, கொடுமையின் சான்றாக மட்டுமோ வாசிப்பது அந்நகைப்பைக் கேளாது விடுவதாகும். இறைவனது நன்மையை நிறுவ முயலும் எந்த விளக்கமும், தொண்டரின் உறுதிக்கு மட்டுமன்றிச் சீராளனின் அறியாமைக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.