படைப்பாளி என்ற கட்டம்

குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் மீது நம் வட்டத்தில் இருக்கும் ஏளனம் யோசித்து அடைந்த முடிவல்ல, பழக்கத்தால் வந்தது. பத்து நாளில் ஒருவனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட முடியுமா என்று கேள்வியைப் போட்டுவிட்டு, பதிலைப் பற்றிக் கவலைப்படாமல் நகர்ந்துவிடுகிறோம். இப்போது 'டிஜிட்டல் ஹ்யுமானிட்டீஸ்' என்றும் 'காட்சிக் கலாச்சாரம்' என்றும் பெயரிட்டு, கல்லூரிகளிலும் ஆய்வு ஸ்தாபனங்களிலும் ஐந்து நாள், இரண்டு வாரம் என்று பயிலரங்குகள் நடக்கின்றன. இவற்றின் மீதும் இதே ஏளனந்தான். இவற்றை ஆதரித்தும் எதிர்த்தும் எனக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஏளனம் உதவாது.

முதலில் சரித்திரம். நம் விமர்சனத்தின் ஒரு கிளையே ஒரு வகுப்பறைச் சோதனையிலிருந்து வந்ததுதான். 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். நன்றாகப் படித்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் எப்படியெல்லாம் பிசகாகப் படிக்கிறார்கள் என்பது வெளிப்பட்டது. 1929இல் அது புத்தகமாயிற்று. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து'வில் வளர்ந்த அலசல் விமர்சனத்துக்கு அந்த முறையோடு உறவுண்டு. பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டதுதான் ரிச்சர்ட்ஸ் செய்த ஒரே காரியம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் சாகர் தாலுகாவைச் சேர்ந்த ஹெக்கோடு, பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன கிராமம். அங்கே 1949இல் தொடங்கிய 'நீநாசம்' அமைப்பு, கே. வி. சுப்பண்ணாவின் முயற்சியில் 1973இல் ஒரு திரைப்படச் சங்கத்தை அமைத்தது. புனே திரைப்படக் கல்லூரியில் திரைப்பட ரசனையைப் பாடமாக்கிய சதீஷ் பகதூரின் உதவியோடு, 1970களின் கடைசியிலிருந்து அங்கே பத்து நாள் ரசனை வகுப்புகள் நடந்தன. விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். பேச்சு கன்னடத்தில். நம்மிடமும் இதற்கு இணையானது இல்லாமலில்லை. 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் பாதல் சர்க்கார் நடத்திய நாடகப் பட்டறையைச் சொல்லலாம். அதில் கலந்துகொண்டவர்கள் ஊருக்குத் திரும்பி நாடகம் போட்டார்கள். தமிழ் வீதி நாடகத்தைப் பற்றி எழுதும் எவரும் அந்தச் சில நாட்களைத் தாண்டிப் போக முடியாது.

ஆகவே நாட்களின் எண்ணிக்கை பிரச்சினை அல்ல. மேற்சொன்ன மூன்றிலும் பொதுவாக ஒன்றிருக்கிறது. பயில வந்தவன் முன்னால் ஒரு பொருள் வைக்கப்பட்டது: ஒரு கவிதை, ஒரு படம், தன் சொந்த உடம்பு. கருவி அதற்குப் பிறகுதான் வந்தது, அல்லது வரவேயில்லை. இன்றைய பயிலரங்குகளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் நாளே கருவி வருகிறது. ஸ்கேன் செய்வது, அச்செழுத்தைக் கணிப்பொறி படிக்கும்படி செய்வது, விவரப் பட்டியலை நிரப்புவது, நிரப்பியதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைபடமாக்குவது. ஐந்தாம் நாள் மாலை சான்றிதழ். கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகக் கோடை வகுப்புகள் பல ஆண்டுகள் நடந்தன. வெனிஸ் நகரத்தின் பழைய கட்டிடங்களை வைத்து 2010களில் கோடைப் பட்டறைகள் நடந்தன. வெனிஸில் குறைந்தபட்சம் வெனிஸ் இருந்தது. பயின்றவன் ஜன்னலைத் திறந்தால், திரையில் வரைந்து கொண்டிருந்த கட்டிடம் எதிரே நிற்கும். இங்கே நான் போன பயிலரங்கு ஒன்றில் பயிற்சிக்குக் கொடுத்த படங்கள் வேறு எந்த நாட்டு அருங்காட்சியகத்திலிருந்தோ எடுத்தவை. அந்தக் கல்லூரியின் பெயர் முக்கியமில்லை. எங்கேயும் ஏறக்குறைய இதுதான்.

2

கட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நான் வங்கி குமாஸ்தா. கட்டங்களை நிரப்புவது என் ஜீவனம். நட்சத்திரக் குறியிட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் திரை அடுத்த பக்கம் போகாது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். எதையாவது போட்டு நகர வேண்டும். 'தொழில்' என்ற கட்டத்தில், சூளையில் வேலை செய்பவர் 'மற்றவை' ஆகிவிடுகிறார். அவர் சூளைக்காரர் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கணக்கில் அது இல்லை. நாளைக்கு யாராவது அந்தக் கணக்கை வைத்து இந்த வட்டாரத்தில் என்னென்ன தொழில்கள் இருந்தன என்று ஆராய்ந்தால், 'மற்றவை' என்ற தொழில் செழித்திருந்ததாக முடிவு கட்டுவார்கள்.

ஆவணக் காப்பகங்களில் பரவலாக உபயோகத்திலிருக்கும் விவரப் பட்டியல் 'டப்ளின் கோர்' எனப்படுவது. 1995இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிப் பேசியதால் அந்தப் பெயர். பதினைந்து கட்டங்கள் கொண்டது. அதில் ஒன்று 'படைப்பாளி'. பயிலரங்கில் அரை மணி நேரத்தில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். புத்தகத்துக்கு அரை மணி போதும். ஆசிரியர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாகப் படிகிறது. மிஞ்சிய கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுக்கிறார்கள். இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். ஒருவர் அதைச் சுரண்டி ஈரத் துணியால் துடைக்கிறார். காய்ந்த பிறகு சூளை. அதன் பிறகு மெருகும் வர்ணமும். ஊற்றி ஊற்றி அச்சின் உறிஞ்சும் சக்தி போய்விட்டால் மூல உருவத்திலிருந்து புது அச்சு எடுப்பார்கள். கொலுப்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் செட்டியார் பொம்மையின் படைப்பாளி யார்? மூல உருவத்தை வனைந்தவரா, அச்செடுத்தவரா, ஊற்றியவரா, கண் எழுதியவரா? ஒரே அச்சில் பிறந்த இரண்டு பொம்மைகள் கண் எழுதிய கைக்கேற்ப ஒன்று ஏமாளியாகவும் ஒன்று கள்ளனாகவும் இருக்கும். பார்க்கத் தெரிந்தவனுக்கு இது தெரியும். பட்டியலுக்குத் தெரியாது. 'பங்களிப்பாளர்' என்று தனிக் கட்டம் இருக்கிறதே என்று பதில் சொல்வார்கள். யாரைப் படைப்பாளி ஆக்கி யாரைப் பங்களிப்பாளர் ஆக்குவது என்பதுதானே என் கேள்வி. அது ஒரு விமர்சனத் தீர்மானம். குமாஸ்தா வேலை என்ற வேஷத்தில் அது நடந்துவிடுகிறது.

காலண்டர் படங்களிலும் இதே நிலைமைதான். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையா ராஜு (1898–1976), நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து பழகியவர். பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. ஒரு படத்தில் குருவின் கை எங்கே முடிந்து சீடரின் கை எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது சுலபமல்ல. படத்தின் கீழே ஏதோ ஓர் ஊர் மளிகைக் கடையின் பெயர் அச்சாகியிருக்கும். வீட்டுக்காரர் அதை வெட்டிச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, பூஜை அறையில் மாட்டியிருப்பார். ஓவியர், அச்சகம், கடை, பூஜை செய்த கை என்று அந்தப் படத்துக்கு நான்கு சரித்திரங்கள். முதல் சரித்திரத்துக்கு மட்டுமே தனிக் கட்டம் தயாராக இருக்கிறது. காட்சிக் கலாச்சாரம் என்ற துறை, மற்ற மூன்றையும் பற்றிப் பேசத்தான் பிறந்தது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இந்தத் துறையின் பிறப்பையே பாருங்கள். ரொபர்ட்டோ பூஸா என்ற இத்தாலியப் பாதிரியார் 1949இல் ஐ.பி.எம். கம்பெனியை அணுகி, தாமஸ் அக்வினாஸின் எழுத்து முழுவதற்கும் சொல்லடைவு தயாரிக்கத் தொடங்கினார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள். 1970களில் தொடங்கி 1980இல் முடிந்த 56 தொகுதிகள். டிஜிட்டல் ஹ்யுமானிட்டீஸின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அட்டைகளில் துளையிட்டு அந்தச் சொற்களை உள்ளே ஏற்றியவர்கள், 1956இல் கல்லராத்தேயில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த இளம் பெண்கள். பல ஆண்டுகள் பழைய போட்டோக்களில் பெயரில்லாமல் நின்றார்கள். மெலிஸா டெராஸும் ஜூலியான் நைஹனும் தேடிப் போன பிறகுதான் சிலருடைய பெயர்களாவது கிடைத்தன. ஆக இந்தத் துறையின் முதல் பயிற்சி வகுப்பே, படைப்பாளி என்ற கட்டத்துக்கு வெளியே நிற்கும்படி ஆட்களைத் தயார் செய்த வகுப்பு. நம் பயிலரங்குகளும் அதைத்தான் செய்து கொண்டிருக்கின்றனவா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்த பிள்ளை விவரம் ஏற்றுவான். அதை வைத்துக் கட்டுரை எழுதுபவர் வேறு யாரோ, வேறு மொழியில்.

3

இனி ஆதரவாகச் சொல்ல வேண்டியது. எண்ணுவதைக் கேவலமாக நினைக்கும் ரசனைவாதம் எனக்கு உடன்பாடில்லை. க. நா. சு. தன் ரசனையை நம்பிப் பட்டியல் போட்டார். செல்லப்பா வரி வரியாக அலசிக் காரணம் கேட்டார். ஃப்ராங்கோ மொரெட்டி 2000இல் முன்வைத்த 'தூரத்து வாசிப்பு' இந்த இருவருக்கும் வெளியே மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது: ஆயிரக்கணக்கில் இருக்கும் நூல்களை யாராலும் படிக்க முடியாது, எனவே எண்ணிப் பார்ப்போம். தரமான பத்தைப் படித்துவிட்டு ஒரு காலத்தைப் பற்றிப் பேசும் நம் வழக்கத்துக்கு இது நியாயமான அடி.

ஆனால் எண்ணுவதற்கு முன்னால் எழுத்து கிடைக்க வேண்டும். தமிழ்ப் பழைய அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒரே உருவம். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்துக்கள். இயந்திரம் இவற்றில் தடுக்கி விழுகிறது. அடுத்தது, சொல் என்றால் என்ன? 'வந்துகொண்டிருந்தான்' ஒரு சொல்லா, மூன்றா? புணர்ச்சியைப் பிரிக்காமல் எண்ணினால் ஒரு கணக்கு, பிரித்து எண்ணினால் வேறு கணக்கு. ஆங்கிலத்தில் வெற்றிடம் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தமிழில் இலக்கணம் தெரிந்தவன் வேண்டும். கருவியைக் கற்க ஐந்து நாள் போதும் என்றால், நன்னூலுக்கு எத்தனை நாள் என்று பயிலரங்கு நடத்துபவர்கள் யோசிக்க வேண்டும்.

இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட 'பிசித்ரா'வில் தாகூரின் கைப்பிரதிகளும் அச்சுப் பிரதிகளுமாக லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. ஒரு கவிதையின் பல வடிவங்களை அருகருகே நிறுத்தி எங்கே மாறியது என்று கணிப்பொறி காட்டுகிறது. நம் பக்கத்தில், ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள் இருக்கிறது. பத்திரிகையில் வந்த வடிவத்தையும் நூலில் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட பதிப்பு. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட அந்த மனிதருக்கு ஒரு 'பிசித்ரா' செய்ய எந்தக் கருவித் தடையும் இன்றில்லை. ஏன் நடக்கவில்லை? பாடம் ஒப்பிடத் தெரிந்தவன் கருவிப் பயிலரங்குக்குப் போவதில்லை. பயிலரங்குக்குப் போகிறவனுக்குப் பாடபேதம் ஏன் முக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. நம் ஏளனத்துக்கும் இந்த நிலைமைக்கும் சம்பந்தம் உண்டு.

4

சேகரம் பற்றி ஒன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிறுத்தவில்லை. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எவரும் குப்பையில் போடுவதையெல்லாம் எடுத்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எந்தப் பயிலரங்கிலும் அவர் பயிலவில்லை. எது பாதுகாக்கத் தக்கது என்ற தீர்மானம் அவருடைய கண்ணில் இருந்தது. அந்தக் கண் சொல்லித்தரக் கூடியதா என்றால், முழுக்க இல்லை; ஆனால் பழக்கப்படுத்தக் கூடியது. ஹெக்கோடு காட்டுவது அதைத்தான்.

இந்தப் பக்கத்திலேயே ஒன்று நடத்தலாம் என்பது என் அபிப்பிராயம். நல்லூரிலோ விருத்தாசலத்திலோ பத்து நாள். பத்துப் பொருள்கள் போதும்: ஒரு பொம்மை, ஒரு மின்சார ஃபியூஸ் கட்டை, ஒரு காலண்டர், ஒரு ஸ்டுடியோ போட்டோ, ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம், இப்படி. நாளைக்கு ஒன்று. காலையில் பார்ப்பது, பார்த்ததைத் தமிழில், செய்கிறவர்கள் சொல்லும் சொல்லில் எழுதுவது. அச்செடுப்பவரும் சூளைக்காரரும் மாணவர்களாக அல்ல, திருத்துகிறவர்களாக உட்கார வேண்டும். பிற்பகலில் கணிப்பொறி. படைப்பாளி என்ற கட்டத்தைக் கடைசி நாள் வரை யாரும் நிரப்பக் கூடாது. ரிச்சர்ட்ஸ் பெயரை நீக்கிவிட்டுப் படிக்கச் சொன்னார். நாம் பெயரைத் தேடிக்கொண்டே பார்க்கச் சொல்வோம். பத்தாம் நாளும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுத வேண்டும். அந்த இரண்டு பக்கம் விமர்சனமாக இருக்கும். அதை அச்சிட இந்த மாதிரிப் பத்திரிகைகள் இருக்கின்றன.