மூன்று செயலி, ஒரே ஆள்

2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸாப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது. ஃபேஸ்புக் மெசஞ்சரும் இன்ஸ்டாகிராமும் கூடவே படுத்துவிட்டன. மூன்றிலும் கணக்கு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று என்று நம்பியிருந்தவர்களுக்கு அன்றுதான் உறைத்தது: மூன்றுக்கும் முதலாளி ஒருவரே. டெலிகிராமும் சிக்னலும் வைத்திருந்தவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். பல அரட்டைச் செயலிகளில் இருப்பதற்குச் சொல்லப்படும் முதல் நியாயம், முதலாளி வேறாக இருந்தால்தான் செல்லும்.

இரண்டாவது நியாயம் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. அலுவலகம் ஸ்லாக்கிலும் குடும்பம் வாட்ஸாப்பிலும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மூடிவைத்துவிடலாம். மேலாளரின் கேள்வியும் அத்தை அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாவும் அடுத்தடுத்து வந்து நிற்காது.

ஒரே ஆள் எல்லாச் செயலியிலும் இருக்கும்போதுதான் வம்பு. நமக்காக வாடகை வீடு பார்க்கும் நண்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டின் படங்களை இன்ஸ்டாகிராமில் அனுப்புகிறார். அட்வான்ஸ் பேச்சு வாட்ஸாப்பில். ஒப்பந்தத்தின் பிடிஎஃப் டெலிகிராமில். இரண்டு மாதம் கழித்து, பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது என்று பேசினோம் என்று தேடினால், ஒரு செயலியின் தேடல் இன்னொன்றுக்குள் எட்டிப் பார்க்காது.

பாதுகாப்பும் இதே கதைதான். வாட்ஸாப் உரையாடல்கள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றவை. டெலிகிராமில் 'சீக்ரெட் சாட்' திறந்தால்தான் அது கிடைக்கும். ஆதார் நகலை எதில் அனுப்பினோம் என்றே நினைவில்லாதவர் இந்த வித்தியாசத்தை வைத்து என்ன செய்வார்?

எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் பார்க்கும் ஆசை பழையது. 2000இல் வந்த ட்ரில்லியன் என்ற மென்பொருள் ஐசிக்யூ, யாஹூ, எம்எஸ்என் அரட்டைக் கணக்குகளை ஒன்றாகக் காட்டியது. 2002இல் ஏஓஎல் நிறுவனம் தன் அரட்டைச் சேவைக்குள் அது நுழையாதபடி வழிமறித்தது. ட்ரில்லியன் புதுப் பதிப்பு விடும், ஏஓஎல் மறுபடி அடைக்கும். தொழில்நுட்பத்தால் முடியாமல் போன காரியமல்ல, நிறுவனங்கள் விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகே வாட்ஸாப் அங்கே பிற செயலிகளுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. நமக்கு அந்தச் சட்டம் இல்லை. 2025இல் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலியைப் பலரும் இறக்கினார்கள். அதற்காக வாட்ஸாப்பை நீக்கியவர் எவரையும் நான் பார்க்கவில்லை, திரையில் இன்னொரு ஐகான் கூடியதுதான் மிச்சம்.

இப்போதைக்கு நான் செய்வது, ஓர் ஆளுக்கு ஒரு செயலி என்று வைத்துக்கொண்டு, பணமோ ஆவணமோ வேறு எதில் வந்தாலும் 'அங்கே அனுப்புங்க' என்று திருப்பிவிடுவது. நண்பர்கள் திட்டத்தான் செய்கிறார்கள்.