பச்சைப் பொத்தானும் இரண்டு பண்டிதர்களும்

ஒரு யந்திரத்தைப் புதிதாகக் காண்பவர் பிறர் துணையின்றி அதனிடம் காரியம் சாதித்துக்கொள்கிறாரா என்று பரீக்ஷித்துப் பார்ப்பது தொழிற்சாலைக்காரர்களின் வறட்டு அலுவல் என்றே பலரும் எண்ணுவர்; அதனைச் சங்கீதத்தைப் போல ரசிக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் லூசி சச்மன் என்னும் மானிடவியல் அறிஞர். 1980களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில், பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று பெயர் வாங்க விரும்பிய பெரிய நகல் யந்திரமொன்றின் முன் ஆட்களை நிறுத்தி, அவர்கள் படும் பாட்டை அவர் படம் பிடித்தார். 1975இல் டூரிங் விருது பெற்ற ஆலன் நியூவெல், இன்னொரு கணினி அறிஞருடன் சேர்ந்து, தாளின் இருபுறமும் நகலெடுக்க வழியறியாது திகைத்து நிற்பது அப்படங்களுள் ஒன்று. மேதைகள் விழிப்பதைக் கண்டு நகைத்துவிட்டுப் போகிறவர்கள் பாதி ரசத்தை இழந்தவர்களே.

முதலில் ரசிக்கத்தக்கது, இருவரை ஜோடியாக நிறுத்திய யுக்தி. தனியாளை நிறுத்தி, மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்பதும் உண்டு. ஆனால் யாருமில்லாத இடத்தில் பேசு என்றால் எவருக்கும் நாக்கு எழாது. இருவராயின், ‘இதை இப்படி வைக்கவேண்டுமோ?’, ‘இல்லை, முதலில் மூடியைத் திற’ என்று, கேளாமலே அந்தரங்க எண்ணங்கள் சம்பாஷணையாக வெளிப்பட்டுவிடுகின்றன.

அதனினும் அருமையானது, திரைவழியே உபதேசம் செய்யும் கணினியொன்றை யந்திரத்தோடு இணைத்து நடத்திய பரீக்ஷையை அவர் எழுதிவைத்த விதம். ஏட்டை நான்கு பத்திகளாகப் பிரித்தார்: மனிதர் செய்வனவற்றுள் யந்திரம் அறியாதவை, அறிந்தவை, யந்திரம் மனிதர்க்குக் காட்டுவது, அப்படிக் காட்டியதற்கு அதை வகுத்தோர் கொண்ட நியாயம். முதற் பத்தியில் பேச்சும் பெருமூச்சும் சந்தேகமும் நிரம்பி வழிய, இரண்டாவதிலோ பொத்தான் அழுந்தியது, மூடி திறந்தது என்று ஏதோ இரண்டொரு சொல்! பாவம், அந்த யந்திரத்துக்கு அவ்வளவே புலன்.

தைத்த புத்தகமொன்றை நகலெடுக்கும் இடத்தைப் பாருங்கள். முதலில் பக்கம் பக்கமாக ஒவ்வொரு பிரதி எடுத்து, அந்த உதிரித் தாள்களைக் கொண்டே பல நகல்கள் எடுக்கவேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும், திரையில் முன்னர் வந்த கட்டளையே மீண்டும் வருகிறது. அடுத்த பக்கத்தை வை என்பது யந்திரத்தின் கருத்து. முன் செய்தது பிழை, திரும்பச் செய் என்கிறதோ என்பது மனிதரின் ஐயம். சக மனிதன் ஒருவன் அருகிலிருந்து சொல்லியிருந்தால், குரலின் ஏற்ற இறக்கமே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியிருக்கும். 1987இல் வெளிவந்த அவருடைய நூலில் இத்தகைய இடங்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. எத்தனை நிமிஷமாயிற்று, எத்தனை பேர் முடித்தார்கள் என்று கணக்கு மட்டும் வைத்திருந்தால், இந்தச் சூக்ஷ்மம் ‘தாமதம்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போயிருக்கும்.