327 கேம்: டைபிரேக் எதைச் சுருக்கியது, எதை வெட்டியது

டென்னிஸ் டைபிரேக் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரெண்டு கட்சி வந்துவிடும். ஒன்று, "அது வெறும் லாட்டரி" என்கிற கட்சி. இன்னொன்று, "அது இல்லேன்னா மேட்ச் முடியவே முடியாது" என்கிற கட்சி. ஆனால் டைபிரேக் என்ற பேரில் இன்று ரெண்டு வேறு வேறு சமாச்சாரம் நடக்கிறது. அதில் ஒன்று நியாயம், மற்றது இல்லை என்பது என் கட்சி.

முதலில் டைபிரேக் இல்லாத காலம். 1974, கல்கத்தா சவுத் கிளப், புல்தரை. டேவிஸ் கோப்பை கிழக்கு மண்டல இறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். சென்னை அண்ணன் தம்பி ஆனந்த், விஜய் அமிர்தராஜ் இருவரும் ஜான் அலெக்சாண்டர், காலின் டிப்ளியோடு ஆடிய இரட்டையர் ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. மொத்தம் 99 கேம். ஐந்து ஆட்டங்களையும் சேர்த்தால் 327 கேம். இந்தியா 3-2 என்று ஜெயித்தது. டேவிஸ் கோப்பையில் அவ்வளவு கேம் ஆடப்பட்ட மோதல் வேறு இல்லை. (அந்த வருஷம் இறுதிப் போட்டிக்கும் போனோம். எதிரே நிறவெறி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடவில்லை. அது தனிக் கதை.)

இனி இந்தச் சாதனை உடையவே உடையாது. டைபிரேக் இருந்தால் ஒரு செட்டுக்கு அதிகபட்சம் 13 கேம்தான். ஐந்து செட்டுக்கு 65. ஐந்து ஆட்டத்துக்கு 325. அதாவது எல்லா செட்டும் 7-6 என்று முடிந்தாலும் ரெண்டு கேம் குறையும்! இப்போது டேவிஸ் கோப்பையில் மூன்று செட் ஆட்டம்தான் என்பதால் அந்த உச்சவரம்பு இன்னும் கீழே போய்விட்டது.

அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. மேலே உள்ள ஸ்கோரையே இன்னொரு தடவை பாருங்கள். நான்காவது செட்டில் 34 கேம் ஆடித் தோற்றார்கள். மூன்றாவது செட்டில் 9 கேம் ஆடி ஜெயித்தார்கள். ரெண்டுக்கும் மதிப்பு ஒரே ஒரு செட். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

இதைச் சரிசெய்யக் கிளம்பியவர் ஜிம்மி வான் ஆலன் என்ற அமெரிக்கர். அவருடைய டைபிரேக்கில் முதலில் ஐந்து பாயிண்ட் எடுப்பவர் ஜெயித்தார். 4-4 ஆனால் அடுத்த பாயிண்டோடு கதை முடிந்தது. 1970 முதல் 1974 வரை யு.எஸ். ஓபனில் இதுதான். நம்ம பக்கம் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. பேட்மிண்டனில் 29-29 ஆனால் முப்பதாவது பாயிண்ட்தானே முடிவு! திமிரியில் டென்னிஸ் பார்க்கிறவர்களை விட ஷட்டில் ஆடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் இந்த உதாரணம்.

ஆனால் ஷட்டிலில் சர்வ் பெரிய ஆயுதம் இல்லை. டென்னிஸில் அதுதான் ஆயுதம். கடைசி பாயிண்டில் சர்வ் யார் கையில் என்பதே ஆட்டத்தை முடித்துவிடலாம். அதனால் நிலைத்தது வேறு வடிவம்: 6-6 ஆனதும் ஏழு பாயிண்ட், ஆனால் ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். முதல்வர் ஒரு சர்வ், அப்புறம் ஆளுக்கு ரெண்டு ரெண்டு.

ஏன் முதலில் ஒன்று மட்டும்? எண்ணிப் பாருங்கள். 2, 4, 6 என்று எந்த இரட்டைப்படையில் நிறுத்தினாலும் இருவரும் சமமாக சர்வ் செய்திருப்பார்கள். 6-6க்கு மேல் இழுத்தால் 8-6, 9-7 என்று இரட்டைப்படையில்தான் முடியும். ஆக, எதிராளியின் சர்வில் ஒரு பாயிண்டாவது பறிக்காமல் அங்கே ஜெயிக்க முடியாது. பழைய செட்டின் விதியும் அதேதான், அங்கே கேம், இங்கே பாயிண்ட். அதனால் இதை லாட்டரி என்பதை நான் ஏற்கவில்லை. விதியை அப்படியே வைத்துக்கொண்டு அளவைச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

லாட்டரி கட்சி உடனே 2019 விம்பிள்டன் இறுதியைக் காட்டும். ஃபெடரர் 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. மூன்று டைபிரேக்கும் ஜோகோவிச்சுக்கு, கோப்பையும் அவருக்கு. ஆனால் ஃபெடரர் ஒரு செட்டை 6-1 என்று எடுத்து பாயிண்ட் சேர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். செட் என்ற அமைப்பு இருக்கிற வரை, டைபிரேக் இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும்.

இப்போது இரண்டாவது சமாச்சாரம். ஏ.டி.பி. இரட்டையர் போட்டிகளில் 2006 முதல் மூன்றாவது செட்டே கிடையாது. 1-1 ஆனால் நேரே பத்து பாயிண்ட் சூப்பர் டைபிரேக். டியூஸிலும் ஒரே பாயிண்ட்தான். வான் ஆலன் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்!

சர்வ் வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு ஒரு தோராயக் கணக்கு போட்டேன். நூறு பாயிண்டில் 52 எடுக்கிற ஆள், சற்றே கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். முழு செட் ஆடினால் நூற்றுக்கு 62, 63 தடவை ஜெயிப்பார். சூப்பர் டைபிரேக்கில் 57. சாதாரண ஏழு பாயிண்ட் டைபிரேக்கில் 56. ஏழைப் பத்தாக்கியதில் கிடைத்த லாபம் ஒன்று, செட்டை வெட்டியதில் போனது ஐந்தாறு. 12 கேம் ஆடிப் பார்த்து, சமம் என்று தெரிந்த பிறகு வருகிற டைபிரேக்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. 0-0ல் வருவதற்கு டி.வி. நேர அட்டவணையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2024 செப்டம்பரில் ஹாங்சோவில் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் பட்டம் வென்ற ஸ்கோர்: 4-6, 7-6 (7-5), 10-7. ரெண்டாவது செட் டைபிரேக்கில் எதிரணி பட்டத்துக்கு ரெண்டே பாயிண்ட் தூரத்தில் நின்றது. அங்கிருந்து மீண்டு வர நெஞ்சுரம் வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவர்களைப் போன்றவர்களுக்கு இரட்டையர்தான் பிழைப்பு. வாராவாரம் ஊர் ஊராகப் போய், பாதி வாரங்களில் கால் மணி நேரச் சூப்பர் டைபிரேக்கில் அடுத்த சுற்றுப் பணமும் தரவரிசைப் புள்ளியும் போய்விடும் என்றால் அது கெட்டிக்காரனுக்கு வைக்கிற சோதனை இல்லை.

99 கேம் திரும்ப வேண்டாம். அமிர்தராஜ் சகோதரர்களுக்கே அது ஒரு தடவை போதும் என்றிருக்கும். இரட்டையருக்கு மூன்றாவது செட்டைத் திருப்பிக் கொடுங்கள். 6-6 வந்தால் அப்போது டைபிரேக் ஆடிக்கொள்ளட்டும். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையரில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது, ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.