டாக்சிசைக்ளினும் புழுவும்: ஒரு விமர்சனக் குறிப்பு

யானைக்கால் நோய்ப் புழுவை ஆன்டிபயாடிக் கொல்லும் என்கிற செய்தி உண்மைதான். அது சொல்லப்படுகிற விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

டாக்சிசைக்ளின் நேரடியாகப் புழுவைக் குறிவைப்பதில்லை. வுச்செரேரியா புழுவின் உடம்புக்குள் வொல்பாக்கியா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. அது செத்தால் தாய்ப்புழு குட்டி ஈனாது. மாதக்கணக்கில் நலிந்து தானும் சாகும். வழக்கமான டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் திரியும் குட்டிப்புழுக்களை நன்றாகக் கொல்லும், ஆனால் பெரிய புழுக்களில் ஒரு பகுதி தப்பிவிடும். அந்த ஓட்டையைத்தான் டாக்சி அடைக்கிறது.

2005-ல் லான்செட் இதழில் வந்த தான்சானியா ஆய்வைப் பாருங்கள். ஒரு கிராமத்து ஆண்கள் 72 பேர், தினம் 200 மி.கி., 8 வாரம். 14 மாதம் கழித்து அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது, மருந்து எடுத்த 27 பேரில் 6 பேரிடம்தான் பெரிய புழு தெரிந்தது. போலி மாத்திரை எடுத்த 27 பேரில் 24 பேரிடம் தெரிந்தது. குறை சொல்ல மனசு வரல, அவ்வளவு சுத்தமான முடிவு.

ஆனா இதை எங்க கம்பம் பள்ளத்தாக்கில் வைத்துப் பார்க்கணும். விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண் 56 நாள் விடாமல் மாத்திரை போடுவாரா? ஆய்வில் இருந்தது ஆண்கள் மட்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கும் இத்தனை வாரம் இதைக் கொடுக்க மாட்டார்கள். வெயில் பட்டால் தோல் எரியும் என்கிற பக்கவிளைவு வேறு. நாற்று நடுகிறவர்களிடம் வெயிலில் நிற்காதீங்கன்னு யார் சொல்றது?

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிசாப் படுது. 'புழு' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுக் குழப்புகிறோம். தேனிப் பக்கம் 'பூச்சி' என்றால் வயிற்றுப் பூச்சி: உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு. இவற்றில் எதற்குள்ளும் வொல்பாக்கியா கிடையாது. டாக்சி ஒன்றும் செய்யாது. அதற்கு அல்பெண்டசோல் 400 மி.கி. இருக்கிறது; சாட்டைப்புழுவிடம் அது கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். செய்தியைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் 'ஆன்டிபயாடிக் குடுங்க, பூச்சிக்கு' என்று கேட்டால் காசும் போச்சு, பூச்சியும் போகல.

கால் வீக்கத்துக்கும் இது கேட்கும் என்கிறார்கள். 2012-ல் வந்த கானா ஆய்வில் டாக்சி எடுத்தவர்களில் 43.9 சதவீதம் பேருக்கு வீக்கம் தேறியது; போலி மாத்திரையில் 5.6 சதவீதம். பிறகு மாலியில் நடந்த ஆய்வில் அந்த வித்தியாசம் காணோம். தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைக்கும் பழக்கம் அங்கே எல்லோருக்கும் கற்றுத்தரப்பட்டிருந்தது. முதல் ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

நம்ம மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் திருக்கோவிலூர் கிராமங்களில் செய்ததையும் சொல்வதில்லை. மாத்திரை கொடுத்ததோடு, கொசு பெருகும் குழிகளில் பாலிஸ்டைரீன் மணிகளை மிதக்கவிட்டார்கள். கொசுவையும் சேர்த்துக் கட்டுப்படுத்திய ஊர்களில்தான் பலன் நிலைத்தது.

டாக்சி வேண்டாம் என்பதல்ல. பரிசோதனையில் புழு இருப்பது உறுதியான ஒருவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில், தாராளமாகக் கொடுக்கலாம். ஊர் முழுக்க வாரிக் கொடுக்கிற மாத்திரை அல்ல இது. உண்ணிக் காய்ச்சல் வந்து மலையடிவாரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு முதலில் எடுத்துக் கொடுப்பதும் இதே டாக்சிதான்.